நான் கொட்டிய கரம்பை மண்

முப்பத்தாறாம் வருஷமோ முப்பத்தேழோ, இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. வைகாசி மாதம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மதுரைக்கு மேற்கே, தண்டவாளத்தைத் தாண்டி அப்போதுதான் புதிதாக உருவாகியிருந்த ஒரு தெருவில் குடியிருந்தோம். இரண்டு பக்கமும் சேர்த்து இருபது ஓட்டு வீடுகள் இருந்தால் அதிகம். எனக்கு ரயில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எடை பார்க்கும் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று அந்த மாதம்தான் தெரிந்தது.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம் கிடந்தது. யாரோ செங்கல் சூளைக்கு மண் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப் போன பள்ளம். மழை பெய்தால் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும், கொசு அள்ளிக்கொண்டு போகும். தெருவில் காய்ச்சல் வராத வீடே கிடையாது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, நாலு வண்டி சரளையையும் செம்மண்ணையும் அடித்துப் பள்ளத்தை மூடச் சொன்னார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சரளையைப் போட்டா புல்லுகூட முளைக்காதுங்கய்யா. எங்க ஊரு கண்மாய்க் கரம்பையை அடிச்சு விடுறேன். அடுத்த வருசம் இந்தத் தெருவே அவரைக்காயும் கத்திரிக்காயும் பறிச்சுத் திங்கும்" என்றேன்.

சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். பரம்பரையாக விவசாயக் குடும்பம். கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்திருக்கும் கறுப்பு வண்டல் மண்ணை வெட்டி வயலில் கொட்டுவோம். அதைத்தான் எங்கள் பக்கம் கரம்பை என்போம். அதைவிட உசத்தியான மண் உலகத்தில் இல்லை என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். டவுனில் வேலைக்கு வந்த பிறகும் எனக்கு அந்தத் திமிர் போகவில்லை. என் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு மாதம் விடாமல் வண்டி வண்டியாகக் கரம்பை ஏற்றி அனுப்பினார். பள்ளம் மேடாகிவிட்டது. தெருவே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நான் நடந்து போனால் ஆட்கள் எழுந்து நின்று பேசினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடை மழை இரண்டு பெய்ததும் மேடு முழுக்கப் பச்சையாகக் குப்பென்று முளைத்தது. நீளவாக்கில் தடித்த இரண்டு இலை, அடியில் செவந்த தண்டு. நான் அதை மண்ணின் ராசி என்றேன்.

அடுத்த வீட்டில் ஒரு பாய் குடும்பம். கோயில் பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்தார். பக்ரீத் குர்பானிக்கென்று ஒரு கிடாக்குட்டி வாங்கி, பிள்ளையைப் போல வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒருநாள் கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் அந்த முளைகளை மேய்ந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் கால்களை இழுத்துக்கொண்டு விழுந்து செத்தது. பாய் வந்து, "தம்பி, அந்தப் பச்சையில ஏதோ விசம் இருக்கு. புடுங்கிருவமா?" என்று கேட்டார்.

"விசமாவது ஒண்ணாவது! குட்டிக்கு அளவுக்கு மீறித் தீனி போட்டிருப்பீங்க. இது வளர்ந்து இடுப்பளவு வரட்டும் பாய், அப்படியே மடக்கி உழுதா தழை உரம். காசு கொடுத்தாலும் கிடைக்காது" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. திரும்பிப் போய்விட்டார்.

ஏர் கொண்டுவந்து உழ வேண்டியவர் என் அண்ணன். கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் வாரேன்டா" என்பார். அவருக்கு ஊரில் சொந்த விதைப்பு இருந்தது. ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது. செடி என் நெஞ்சளவு நின்றது. சொரசொரவென்று பூசணி இலை போல இலை. கணுவுக்குக் கணு கொக்கி முள் வைத்த சின்னச் சின்னக் காய் பிஞ்சுவிட்டிருந்தது. வேட்டியில் ஒட்டினால் லேசில் விடாது. கண்மாய்க்குள் தானாக முளைக்கும் மருளூமத்தை அது, விதை கரம்பையோடு வந்திருக்கிறது. சின்ன வயசிலிருந்து பார்த்த செடிதான். ஊரில் அது ஆள் நடமாட்டம் இல்லாத கண்மாய்க்குள் கிடக்கும், ஆட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் காயைப் பிய்த்துப் போடுவோம், அவ்வளவுதான். வீட்டுக் கொல்லையை ஒட்டிக் காடாக நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

காய் பிடிக்கும் கணுவில் இல்லாமல், ஆவணிக் கடைசியில் நுனியில் தனியாக ஆண்பூ வைத்தது. பூ என்று சொல்ல முடியாது, பச்சையும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன உருண்டைகள். காலையில் காற்று அடித்தால் மஞ்சளாகத் தூசி பறக்கும். அந்த வாரத்தில்தான் என் மனைவிக்கு இழுப்பு ஆரம்பித்தது.

முதலில் தும்மல், கண்ணில் நீர், அரிப்பு. பிறகு நெஞ்சுக்குள்ளே விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தோம். கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பாள். தெருவில் காசம் என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் காசம் என்றால் சாவு என்று அர்த்தம். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்ற பெண்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். நேற்று வரை எழுந்து நின்று பேசியவர்கள் என்னைக் கண்டதும் வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூட்ஸ் ஷெட்டில் எடை பார்க்கும்போது கண் தராசு முள்ளில் நிற்காது. அவள் இருமிய துணியில் ரத்தம் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்ப்பேன். இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும். மறுநாள் காலையில் மறுபடி அதே பயம்.

நடுவில் ஒரு கல்யாணத்துக்காக மேலூரில் அவள் அம்மா வீட்டுக்கு நாலு நாள் போய் வந்தாள். அங்கே ஒரு தும்மல்கூட இல்லையாம். திரும்பி வந்த இரண்டாம் நாள் மறுபடி இழுப்பு. என் புத்தி எப்படிப் போனது பாருங்கள். அம்மா வீட்டில் இல்லாத நோய் புருஷன் வீட்டில் மட்டும் எப்படி வரும்? இவள் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளத்தான் இப்படிச் செய்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பயமாக இருந்தது இல்லையா, அது அப்படியே கோபமாக மாறிவிட்டது.

"அம்மா வீட்டுக்குப் போகணும்னா வாயைத் தொறந்து கேளு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நாடகம் ஆடாத" என்றேன்.

பதில் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒருநாள் பாயின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். என் மனைவி அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தெருவே ஒதுங்கிய பிறகும் அவர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் ஒரு பத்து நாளாப் பாக்குறேன். வாசல் பக்கம் காயப்போட்ட சேலையைக் கட்டுனா அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் செய்யல. கொல்லைப் பக்கம் காயப்போட்டதைக் கட்டுனா அன்னைக்கு இழுக்குது. எல்லாம் மேட்டுல நிக்கிற அந்தப் பூண்டுலதான் இருக்கு. காசமுமில்ல ஒண்ணுமில்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. கரம்பை கொட்டியவன் நானல்லவா! ஆடு செத்த கோபத்தில் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். "செடியைப் பத்தி எங்களுக்குச் சொல்லித் தாறீங்களாக்கும்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனசுக்குள் முள்ளாகக் கிடந்தது. அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இரண்டு அரிவாளோடு வந்தார்.

அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில், நல்ல காற்று. நானும் அண்ணனும் வெட்ட ஆரம்பித்தோம். ஒவ்வொரு வெட்டுக்கும் மஞ்சள் தூசி புஸ்ஸென்று கிளம்பியது. தலை, புருவம், மீசை, வேட்டி எல்லாம் மஞ்சள். வெட்டியதையெல்லாம் கட்டிக் கொண்டுவந்து எங்கள் அடுக்களைக் கதவை ஒட்டி அம்பாரமாகக் குவித்தோம். காய்ந்ததும் கொளுத்திவிடலாம் என்று திட்டம். ஒரு மணி நேரத்தில் பாதி மேடு வெளுத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாகம் எடுத்தது. அப்படியே உள்ளே போய்த் தண்ணீர் கேட்டேன்.

அவள் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தாள்கூட. "மஞ்ச நீராட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கீங்க" என்று சொல்லி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த முந்தானையை ஒரு உதறு உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான் தண்ணீரைக் குடித்து முடிக்கவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்தாள். ஒரு தும்மல், இரண்டு, மூன்று. அப்புறம் தும்மலும் இல்லை, மூச்சும் இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், காற்று உள்ளே போகவில்லை. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்துவிட்டது. உதடு நீலம் பாரித்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்தாள். நாடகம் என்று சொன்னேனே! ஐயோ, இப்படி ஒரு நாடகம் உண்டா? நான் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். என் தலையிலிருந்து மஞ்சள் தூசி அவள் முகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அது எனக்கு உறைக்கவேயில்லை.

சத்தம் கேட்டுப் பாயின் மனைவி ஓடி வந்தார். வந்தவர் என் தோளைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். "தொடாதே! தள்ளிப் போ! நீ தொடத் தொடத்தான் அவளுக்கு மூச்சுப் போகுது! வெளிய போய் அம்புட்டையும் கழட்டிப் போட்டுத் தண்ணிய ஊத்து!" என்றார்.

கட்டின பெண்டாட்டி கண் முன்னால் செத்துக்கொண்டிருக்கிறாள், அவளைத் தொடாதே என்கிறார்கள். நான் எழுந்து வெளியே போனேன். வேட்டியை உருவி எறிந்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். பாய் தன்னுடைய கைலி ஒன்றை வேலிக்கு மேலே வீசினார். அதற்குள் பாயின் மனைவி என் மனைவியின் சேலையை அவிழ்த்து வீசிவிட்டு, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து, தன் வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றி வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய், அண்ணன் தெருமுனையில் பிடித்துவந்த குதிரை வண்டியில் ஏற்றிவிட்டார். நானும் ஏறப் போனேன்.

"தலையில இன்னும் இருக்கும் தம்பி. பின்னால வா" என்றார். அப்போது அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

பாயின் கைலியைக் கட்டிக்கொண்டு, செருப்பு இல்லாமல், குதிரை வண்டிக்குப் பின்னால் ஓடினேன். கிட்டே போகவும் பயம், விட்டுவிடவும் பயம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஓடினேன். ரயில் கேட்டுக்கு வந்தால் கேட் சாத்திக் கிடக்கிறது. ஒரு கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. குதிரை வண்டி நின்றது. நான் இருபது அடி தள்ளி நின்றேன். அதுவரை அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும் வரை உயிர் இருக்கிறது என்று ஒரு பிடிப்பு. கூட்ஸ் வண்டி தடதடவென்று வந்ததும் அந்தச் சத்தம் அடிபட்டுப் போய்விட்டது. வாழ்நாளில் எத்தனையோ கூட்ஸ் வண்டி பார்த்திருக்கிறேன், அன்றைக்கு வந்த வண்டி முடியவே இல்லை. பெட்டிக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் பெட்டி. மீனாட்சி அம்மனைக் கூப்பிட்டேன், பாயின் மனைவி கும்பிடுகிற சாமியையும் கூப்பிட்டேன். கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் அடங்கியது. குதிரை வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"அக்கா!" என்று கத்தினேன். அவரை அப்படி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வண்டியின் பின்பக்கம் ஒரு கை நீண்டு இரண்டு தரம் ஆடியது. இருக்கிறாள் என்று அர்த்தம். கேட் திறந்தது. மறுபடி ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உதட்டின் நீலம் இறங்கியது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "காசமெல்லாம் இல்லை. ஏதோ தூசி இந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறது. இனிமேல் அந்தத் தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் வராந்தாவில், தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் இதைக் கேட்டேன். உள்ளே போய் அவள் கையைப் பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேராக மேலூருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் வீடு வீடாகப் போய், காசம் இல்லை, நான் கொட்டிய மண்தான் என்று சொன்னேன். சொல்வதற்கு நாக்கு கூசியது. சொன்ன பிறகுதான் தெரிந்தது, இன்னும் மூன்று வீடுகளில் பிள்ளைகளுக்கு இருமல், தும்மல். காசம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் மூடி மறைத்திருக்கிறார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் நாலு ஆட்களைக் கொடுத்தார். இந்தத் தடவை வெட்டவில்லை. பாயின் மனைவி சொன்னபடி, முதலில் செடி முழுக்கத் தண்ணீர் அடித்து நனைத்து, தூசி கிளம்பாமல் வேரோடு பிடுங்கினோம். கொளுத்தவும் இல்லை. ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். ஆனால் அதற்குள் காய் பாதி உதிர்ந்திருந்தது. தண்டவாளத்து ஓரம், குழாயடி, அடுத்த தெரு என்று ஆடு மாட்டு ரோமத்திலும் ஆட்கள் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு எங்கெங்கோ போயிருந்தது.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது என்று தகவல் வந்தது. குளிருக்கு ஆகும் என்று என் அண்ணி ஒரு கம்பளியைக் கொடுத்து அனுப்பினாள். மேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கிணற்றடியில் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று எதற்கும் இருக்கட்டும் என்று கம்பளியை விரித்துத் தடவினேன். நடு மடிப்பில் கையில் சுருக்கென்று குத்தியது. ஒரே ஒரு காய். கொக்கி முள் கம்பளி ரோமத்தைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் பிள்ளையைப் போர்த்த இருந்த இடம் அது. கல்லில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றில்லை, இரண்டு விதை இருந்தது.

என் மனைவி குழந்தையை ஏந்திக்கொண்டு உள்வாசலில் வந்து நின்றாள். "ஏன் அங்கேயே நிக்கிறீங்க? வாங்க" என்றாள். நான் வேட்டி விளிம்பைத் தட்டிக்கொண்டே வாசலிலேயே நின்றேன். மகளின் முகத்தை முதல் தடவையாகப் பத்தடி தூரத்திலிருந்துதான் பார்த்தேன். அவள் சட்டென்று புரிந்துகொண்டு, "ஒண்ணுமில்ல, நல்லா மூச்சு விடுறேன் பாருங்க" என்று எனக்காக ஒரு தடவை இழுத்து விட்டுக் காட்டினாள். நாடகம் ஆடாதே என்று சொன்னவனுக்கு அவள் கொடுத்த பதில் அதுதான்.

அந்தக் காயிலிருக்கும் இரண்டு விதையில் ஒன்று வந்த மழைக்கே முளைக்கும், இன்னொன்று அடுத்த வருஷத்துக்கென்று காத்துக் கிடக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளும் குழந்தையும் வீடு திரும்பிய பிறகும், பிடுங்கி முடித்தோம் என்று நினைத்த இடத்தில் மறு வருஷமும் முளைத்தது; கொல்லைக் கதவைச் சாத்தியே வைத்தேன். ஏழு வருஷம், முதல் மழை பெய்த மறுநாள் தெரு ஆட்களோடு மண்டியிட்டு, இரண்டு இலை விடும்போதே பிடுங்கினோம். ஒவ்வொரு வருஷமும் பாய்தான் முதல் ஆளாக வந்து நிற்பார். எட்டாவது வருஷம்தான் ஒன்றும் முளைக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் அவளையும் பிள்ளைகளையும் கொல்லைக் கதவைத் திறந்துவைத்துத் தூங்கவிட்டேன்.

இப்போது பேரப் பிள்ளைகள் எடுத்துவிட்டேன். இன்றைக்கும் யார் வீட்டுப் படியில் ஏறினாலும் குனிந்து வேட்டி விளிம்பைத் தட்டிவிட்டுத்தான் ஏறுகிறேன். பார்ப்பவர்கள் இவர் ரொம்பச் சுத்தக்காரர் என்று நினைக்கிறார்கள். பயந்தவன் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.